கென்னடியும் கார்டிசோனும்: ஒரு நோயாளியின் 16 ஆண்டுகள்

1955 நவம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அறுவை சிகிச்சை இதழில் ஒரு கட்டுரை வந்தது. அட்ரீனல் சுரப்பி வேலை செய்யாதவர்களுக்கு அறுவை செய்ய நேர்ந்தால் எப்படிக் காப்பாற்றுவது என்பது அதன் பொருள். அதில் மூன்றாவதாக வரும் நோயாளிக்குப் பெயர் இல்லை. ஆண், வயது 37, ஏழு ஆண்டுகளாக அடிசன் நோய். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 150 மில்லிகிராம் ஹார்மோன் வில்லையைத் தோலுக்கடியில் வைக்கிறார்கள். அதோடு தினமும் 25 மில்லிகிராம் கார்டிசோன் மாத்திரை. முதுகுவலி அன்றாட வாழ்க்கையையே முடக்கிவிட்டது. அறுவை ஆபத்தானது என்று தெரிந்தும், செய்யாவிட்டால் இந்த இளைஞர் முடமாகிவிடுவார் என்பதால் தயக்கத்தோடு செய்தோம் என்று மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள்.

அறுவை நடந்த நாள் 1954 அக்டோபர் 21. அன்று நியூயார்க்கின் ஹாஸ்பிட்டல் ஃபார் ஸ்பெஷல் சர்ஜரியில் முதுகு அறுவை செய்துகொண்ட 37 வயதுக்காரர் யார் என்பதைச் செய்தித்தாள் படிக்கிற யாரும் சொல்லிவிடலாம்: மாசசூசெட்ஸ் செனட்டர் ஜான் எஃப். கென்னடி. இருந்தாலும், ஜான் நிக்கோல்ஸ் என்ற மருத்துவர் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு மருத்துவ இதழில் எழுத 1967 ஆகிவிட்டது. அதற்குள் கென்னடி இறந்து மூன்றரை ஆண்டுகள் ஓடிவிட்டன.

கார்டிசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தை நீண்ட காலம் எடுப்பவர்களைப் பற்றிப் பேசும்போது பேச்சு பெரும்பாலும் முகம் உப்புவது, எடை கூடுவது, சர்க்கரை ஏறுவது என்று போகும். எல்லாம் உண்மைதான். ஆனால் ஆளையே கொண்டுபோகக்கூடிய ஒன்று அந்தப் பட்டியலில் கடைசியில், சில சமயம் இல்லாமலே போய்விடுகிறது. காய்ச்சல், விபத்து, அறுவை போன்ற கெட்ட நாளில் உடலுக்கு ஸ்டீராய்டு பல மடங்கு தேவைப்படும். அதைத் தானே சுரக்கும் திறன் அப்போது உடலில் இருக்காது. கென்னடியின் கதையை இந்தக் கோணத்தில் பார்க்கும்போது, அவருடைய மருத்துவர்கள் எதைச் சரியாகச் செய்தார்கள், எங்கே சொதப்பினார்கள் என்பது தெளிவாகத் தெரிகிறது.

நோயும் மருந்தும்

அடிசன் நோயை முதலில் விவரித்தவர் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன், ஆண்டு 1855. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி அழிந்துபோவதே நோய். உடல் தானே தயாரிக்கும் ஸ்டீராய்டான கார்டிசால் சுரக்காது, உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோனும் சுரக்காது. களைப்பு, எடை இறக்கம், வாந்தி, தாழ் ரத்த அழுத்தம் எல்லாம் வரும். தோலும் கறுக்கும். மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில் இந்த நோய் வந்தவர் தப்பவில்லை.

கென்னடிக்கு இது தெரியவந்தது 1947 செப்டம்பரில். அயர்லாந்துக்குப் போய்விட்டு லண்டன் வந்தவர் அங்கேயே விழுந்தார். பார்த்த மருத்துவர், இந்த அமெரிக்க இளைஞர் ஓராண்டுகூட இருக்கமாட்டார் என்று அவருடைய தோழியிடம் சொன்னார். கப்பலில் ஊர் திரும்பியபோது கத்தோலிக்க முறைப்படி இறுதிச் சடங்கு செய்தார்கள். வயது முப்பது. அப்போது அவர் காங்கிரஸ் உறுப்பினராகி ஓராண்டுகூட ஆகவில்லை. முந்தைய ஆண்டு ஜூனில், தேர்தல் பிரச்சாரத்தின்போது பாஸ்டனில் ஓர் ஊர்வலத்தில் மயங்கி விழுந்திருந்தார். அது நோயின் தொடக்கமாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

முதலில் கிடைத்தது டெசாக்ஸிகார்டிகோஸ்டிரோன் வில்லை. தொடையில் சின்னக் கீறல் போட்டு உள்ளே வைத்துவிடுவார்கள். மூன்று மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அது உப்பைக் காக்கும், ஆனால் கார்டிசாலின் வேலையைச் செய்யாது. அந்தக் குறையைத் தீர்த்தது கார்டிசோன். 1948 செப்டம்பர் 21 அன்று மயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச்சின் குழு, முடக்குவாதத்தால் நகர முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு அதை முதன்முதலாக ஊசியில் கொடுத்தது. ஒரே வாரத்தில் அவர் கடைத்தெருவுக்குப் போய் மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு வந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. அந்த ஆண்டிலேயே முகம் உருண்டுபோவது, மனநிலை தடம் புரள்வது, மருந்தை நிறுத்தினால் நோய் திரும்புவது எல்லாவற்றையும் அதே மயோ மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். பக்கவிளைவு பின்னால்தான் தெரியவந்தது என்று சொல்ல வழியில்லை. அது மருந்தோடு சேர்ந்தே பிறந்தது.

கென்னடிக்கு கார்டிசோன் வந்த நேரம் நல்ல நேரம். ஐந்தாறு ஆண்டு முந்தி நோய் வந்திருந்தால் 1960 தேர்தலில் வேறு யாரோ நின்றிருப்பார்கள். அவருடைய குடும்பம் மருந்து தீர்ந்துபோகும் வாய்ப்பையே வைக்கவில்லை. அவர் எங்கே போனாலும் கிடைக்கவேண்டும் என்று பல ஊர்களில் வங்கிப் பெட்டகங்களில் மருந்தை வாங்கி வைத்திருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. பணக்காரர் வீட்டு ஏற்பாடுதான், ஆனால் மருத்துவ ரீதியில் புத்திசாலித்தனமானது. அடிசன் நோயாளிக்கு மருந்து கையில் இல்லாத இரண்டு நாள் என்பது சின்ன விஷயமில்லை.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1951 காட்டியது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் தம்பி ராபர்ட், தங்கை பட்ரீசியா இருவரையும் அழைத்துக்கொண்டு ஆசியச் சுற்றுப்பயணம் வந்தார். டெல்லியில் நேருவைச் சந்தித்தார்கள், வியட்நாம் போனார்கள். பயணத்தின் கடைசிப் பகுதியில் படுத்துவிட்டார். ஒக்கினாவாவில் ராணுவ மருத்துவமனையில் சேர்த்தபோது காய்ச்சல் 106 டிகிரி. பிழைக்கமாட்டார் என்றே நினைத்தார்கள். ஊர் சுற்றும் மும்முரத்தில் மருந்தை ஒழுங்காக எடுக்காமல் விட்டதே காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். காய்ச்சல் வந்தால் மருந்தைக் கூட்டவேண்டியவர், இருக்கிற அளவையும் விட்டிருக்கிறார்.

1954 அறுவை

இந்தக் கதையின் நடுநாயகம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1952இல் ஃப்ரேசரும் உடன் பணியாற்றிய மருத்துவர்களும் ஒரு மரணத்தை வெளியிட்டார்கள். முடக்குவாதத்துக்காக மாதக்கணக்கில் கார்டிசோன் எடுத்துவந்தவருக்கு அறுவைக்கு முன்னால் அதை நிறுத்தினார்கள். அறுவைக்குப் பின் ரத்த அழுத்தம் விழுந்தது. எதைச் செய்தும் எழவில்லை. பிரேதப் பரிசோதனையில் அட்ரீனல் சுரப்பிகள் சுருங்கிக் கிடந்தன. இவருக்கு அடிசன் நோய் கிடையாது. சுரப்பியைச் சுருக்கியது வெளியிலிருந்து வந்த மாத்திரை. மூளையில் உள்ள பிட்யூட்டரி, ரத்தத்தில் போதுமான ஸ்டீராய்டு இருக்கிறது என்று கண்டால் அட்ரீனலுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த சுரப்பி, திடீரென்று கூப்பிட்டால் எழுந்து வராது.

ஆகவே 1954இல் இரண்டு விதமான நோயாளிகள் அறுவை மேசையில் ஒரே ஆபத்தில் இருந்தார்கள்: சுரப்பி அழிந்தவர், மாத்திரையால் சுரப்பி உறங்கியவர். கென்னடி முதல் வகை. பாஸ்டனில் அவரைப் பார்த்துவந்த மருத்துவர்கள் இந்த அறுவைக்குச் சம்மதிக்கவில்லை. நியூயார்க்கில் ஃபிலிப் வில்சன் என்ற அறுவை மருத்துவர் ஒப்புக்கொண்டார். அவரும் தனியாக இறங்கவில்லை. ஹார்மோன் விஷயம் தெரிந்தவர்களையும் மயக்க மருத்துவரையும் சேர்த்துக் குழு அமைத்து, அறுவைக்கு முன்னும் நடுவிலும் பின்னும் ஸ்டீராய்டை உடலின் தேவைக்கேற்பக் கூட்டி, பிறகு படிப்படியாக இறக்கினார்கள். முதுகெலும்பின் அடிப்பகுதியை இணைத்து உலோகத் தகடு வைத்தார்கள்.

மூன்றாம் நாள் சிறுநீர்த் தொற்று வந்தது. காய்ச்சல் ஏறி நினைவு தப்பியது. மறுபடியும் பாதிரியார் வந்தார். அப்புறம் பிழைத்தார். ஆனால் முதுகுப் புண் ஆறவில்லை, சீழ் பிடித்தது. 1955 பிப்ரவரியில் மறுபடி திறந்து தகட்டை எடுத்தார்கள். செனட்டுக்குத் திரும்ப மே மாதம் ஆகிவிட்டது.

இதழ்க் கட்டுரையோ அடிசன் நோயைப் பொறுத்தவரை அறுவைக்குப் பிந்தைய நாட்கள் ஓரளவு சீராகப் போயின, அட்ரீனல் நெருக்கடி வரவே இல்லை என்கிறது. வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் மரணத்தின் விளிம்பு என்கிறார்கள். முதல் வாசிப்பில் முரணாகத் தெரியும். எனக்கு இரண்டும் சரியென்றே படுகிறது. மருத்துவர்கள் பயந்தது 1952 மரணம் போன்ற ஒன்றுக்கு. அது நடக்கவில்லை, அந்த அளவில் அவர்கள் வென்றார்கள். வந்தது வேறு எதிரி, கிருமி. ஸ்டீராய்டு எடுப்பவரின் உடல் கிருமியோடு மந்தமாகச் சண்டை போடும், புண்ணும் தாமதமாக ஆறும். ஆக, உயிர் காத்த மருந்துக்குப் புண் ஆறாமல் போனதில் ஒரு பங்கு இருந்திருக்கக்கூடும். உடலுக்குள் உலோகம் இருக்கும் இடத்தில் சீழ் பிடித்தால் தகட்டை எடுக்காமல் தீராது என்பது ஸ்டீராய்டு எடுக்காதவருக்கும் பொருந்தும் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

எது மருந்தின் வேலை, எது இல்லை

2002இல் ராபர்ட் டாலெக் என்ற வரலாற்றாசிரியருக்கும் ஜெஃப்ரி கெல்மன் என்ற மருத்துவருக்கும் கென்னடியின் மருத்துவ ஆவணங்களைப் பார்க்க அனுமதி கிடைத்தது. அதன் பிறகு அவருடைய எல்லா உபாதைக்கும் ஸ்டீராய்டே காரணம் என்று பேசுவது ஒரு பழக்கமாகிவிட்டது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் அப்படி இல்லை.

முகம்: மருந்தின் வேலைதான். 1940களின் இறுதிப் படங்களில் கன்னம் ஒட்டி, கழுத்து மெலிந்து, சட்டை தொங்கும். வெள்ளை மாளிகைப் படங்களில் முகம் நிரம்பியிருக்கும். உலகம் பார்த்து மயங்கிய அந்த முகத்தில் கார்டிசோனுக்குப் பங்கு உண்டு. எப்போதும் வெயிலில் காய்ந்த மாதிரி இருந்த நிறத்தில் அடிசன் நோய்க்குப் பங்கு உண்டு. ஆரோக்கியத்தின் அடையாளமாக ஜனங்கள் எடுத்துக்கொண்டது இரண்டையும்.

குடற்புண்: கடற்படை மருத்துவர்கள் 1943இலேயே சந்தேகித்தது, கார்டிசோன் உலகத்துக்கு வருவதற்கு ஐந்தாண்டு முன்பு. பெருங்குடல் தொல்லை இன்னும் பழசு. 1934இல் பள்ளி மாணவராக மயோ கிளினிக்கில் படுத்திருந்திருக்கிறார்.

முதுகு: இங்கேதான் சர்ச்சை. 1954 எக்ஸ்ரேயில் இடுப்பு முள்ளெலும்பு ஒன்று நொறுங்கியிருந்தது, அது ஸ்டீராய்டால் வந்த எலும்புத் தேய்மானம் என்று டாலெக் எழுதினார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். முதுகுவலி கல்லூரிக் கால்பந்து நாட்களில் தொடங்கியது. 1943இல் சாலமன் தீவுகளில் அவருடைய படகை ஜப்பானியக் கப்பல் இரண்டாகப் பிளந்தது. 1944இல், ஒரு மில்லிகிராம் கார்டிசோன்கூட உடலில் ஏறாத காலத்தில், முதல் முதுகு அறுவை நடந்தது. பின்னால் எடுத்த ஸ்டீராய்டு எலும்பை மேலும் பலவீனமாக்கியிருக்கலாம். தொடங்கிவைத்தது அது இல்லை.

தொற்றுகள்: சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்தது. 1957 செப்டம்பரில் பழைய முதுகுத் தழும்பில் சீழ்க்கட்டி வந்து மறுபடியும் கீறினார்கள். 1955 மே முதல் 1957 அக்டோபர் வரை ஒன்பது முறை, மொத்தம் 45 நாட்கள் மருத்துவமனையில் இருந்திருக்கிறார். இதில் மருந்தின் கை இருப்பதை மறுக்கமுடியாது.

மனநிலை: 1962 டிசம்பரில் கணவர் சோர்ந்துபோயிருக்கிறார் என்று ஜாக்குலின் மருத்துவரிடம் சொன்னார். ஒவ்வாமைக்குக் கொடுத்த மாத்திரை மேல்தான் பழி விழுந்தது. ஒரு மனநோய் மருந்தைக் குறைந்த அளவில் சேர்த்தார்கள், இரண்டு நாளில் தேறினார், அதை நிறுத்திவிட்டார்கள். ஸ்டீராய்டு எடுப்பவரிடம் மனச்சோர்வைப் பார்த்தால் முதலில் ஸ்டீராய்டையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஆவணங்களில் அந்தக் கேள்வி எழுந்ததாகத் தெரியவில்லை.

இன்று பிரெட்னிசோலோன் எடுப்பவருக்கு

கென்னடி எடுத்தது, உடல் சுரக்காததை மட்டும் ஈடுசெய்யும் அளவு. 25 மில்லிகிராம் கார்டிசோன் என்பது இன்றைய கணக்கில் ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. நம் ஊரில் வைசோலோன், ஓம்னகார்ட்டில் என்ற பெயர்களில் சிறுநீரக நோய்க்கும் லூபஸுக்கும் மூட்டுக்கும் ஆஸ்துமாவுக்கும் எழுதித் தரும் அளவு பல நேரம் அதைவிடப் பல மடங்கு. எனவே அவருக்கு வந்ததைவிடப் பக்கவிளைவுகள் அதிகமாகவே வரும். வேறொரு வித்தியாசமும் உண்டு. கென்னடி உப்பு மாத்திரை எடுத்தார், ஏனென்றால் அவர் உடல் உப்பை இழந்துகொண்டிருந்தது. அதிக அளவு பிரெட்னிசோலோன் எடுப்பவர் உடலோ உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும். கால் வீங்கும், பிரஷர் ஏறும். அவருக்கு ஊறுகாயும் அப்பளமும் ஆகாது. இரண்டு பேருக்கும் மருந்து ஒரே குடும்பம், அறிவுரை நேர் எதிர்.

காலையில் சாப்பிட்டபின் மாத்திரை என்பதற்குக் காரணம் இருக்கிறது. உடலின் சொந்தக் கார்டிசால் விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும். அந்தத் தாளத்தோடு போனால் இரவுத் தூக்கம் கெடுவது குறையும். சர்க்கரை விஷயத்தில் ஒரு சூட்சுமம்: காலையில் போடும் பிரெட்னிசோலோன் சர்க்கரையை மதியத்துக்கு மேல்தான் ஏற்றும். வெறும் வயிற்றுப் பரிசோதனையை மட்டும் பார்த்துவிட்டு நார்மல் என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். மதிய உணவுக்குப் பிந்தைய அளவைப் பார்த்தால்தான் தெரியும்.

எலும்புத் தேய்மானம் மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் வேகமாக நடக்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற விஷயமில்லை. மூன்று மாதத்துக்கு மேல் மருந்து ஓடும் என்றால் கால்சியம், வைட்டமின் டி, தேவைப்பட்டால் எலும்பைக் காக்கும் அலெண்ட்ரோனேட் வகை மாத்திரை பற்றித் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் கேட்கலாம். இடுப்பிலோ கவட்டையிலோ புதிதாக வலி வந்தால் மூட்டுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக்கூடாது. தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது செத்துக்கொண்டிருக்கலாம். தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை என்றால் தொடைத் தசை கரைகிறது என்று அர்த்தம். கண்ணில் புரையும் அழுத்தமும் வரலாம், ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கவேண்டும். நம் நாட்டில் காசநோயை மறக்கவே கூடாது. உள்ளே உறங்கிக்கொண்டிருப்பது எழுந்துகொள்ளும். ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவைப்பதால் எழுந்ததே வெளியில் தெரியாது.

இதையெல்லாம் கேட்டதும் பலர் செய்வது மாத்திரையைத் தாங்களே நிறுத்துவது. முகம் உப்பிவிட்டது, கல்யாணத்துக்குப் போகணும், ரெண்டு வாரம் விட்டால் வாடிடும் என்ற கணக்கு. 1952இல் இறந்தவரின் நிலைக்குப் போகும் வழி அது. மூன்று நான்கு வாரத்துக்கு மேல் 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தவரின் சுரப்பி உறங்கியிருக்க வாய்ப்புண்டு. மருத்துவர் சொல்லும் படியில் மெதுவாகத்தான் இறங்கவேண்டும், 5 மில்லிகிராமை நெருங்கும்போது இன்னும் மெதுவாக. சுரப்பி முழுதாகத் தேற சிலருக்கு ஓராண்டுகூட ஆகும். இறங்கும்போது வரும் உடல்வலி, களைப்பு, குமட்டல், தலைசுற்றல் ஆகியவற்றைப் பழைய நோய் திரும்பிவிட்டது என்று தவறாக நினைப்பதும் நடக்கும்.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். பொதுவான விதி, காய்ச்சல் இருக்கும் நாட்களில் ஈடுசெய்யும் அளவை இரட்டிப்பாக்குவது. ஏற்கெனவே அதிக அளவு எடுப்பவருக்குக் கூட்டத் தேவையில்லாமல் போகலாம், ஆனால் நிறுத்தக்கூடாது. வாந்தியில் மாத்திரை நிற்கவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய் ஊசியாகப் போட்டுக்கொள்ளவேண்டும். பெரியவர்களுக்கு அவசரத்தில் போடுவது 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன். பல் பிடுங்கப் போனாலும், சின்ன அறுவை என்றாலும், ஸ்டீராய்டு எடுக்கிறேன் என்பதே முதல் வாக்கியமாக இருக்கட்டும். பிரிட்டனில் 2020 முதல் இதற்கென்றே ஸ்டீராய்டு அவசர அட்டை கொடுக்கிறார்கள். நம்மிடம் அப்படி ஒன்று கையில் இல்லாவிட்டால், நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, எத்தனை மாதமாக, மருத்துவரின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்சில் வைத்தால் அதே வேலையைச் செய்யும்.

வெள்ளை மாளிகையில் எத்தனை மருத்துவர்கள்

கென்னடி அதிபரானபோது அவருக்கு மருத்துவர் பஞ்சமே இல்லை, அதுதான் பிரச்சினை. அட்ரீனலுக்கு யூஜீன் கோஹன். முதுகுக்கு ஜேனட் டிராவெல், வலியுள்ள தசையில் மரத்துப்போகச் செய்யும் புரோக்கேய்ன் ஊசி போடுவார். கடற்படை மருத்துவர் ஜார்ஜ் பர்க்லி. வயிற்றுக்கு ஒருவர், ஒவ்வாமைக்கு ஒருவர், சிறுநீருக்கு ஒருவர். இவர்களைத் தவிர, பின்வாசல் வழியாக மேக்ஸ் ஜேக்கப்சன்; அவருடைய ஊசியில் இருந்தது ஆம்ஃபெட்டமைன் என்ற கிளர்ச்சி மருந்து. மருந்துப் பட்டியலில் ஹைட்ரோகார்டிசோன், பிரெட்னிசோன், மெத்தில்பிரெட்னிசோலோன் என்று ஒரே வேலையைச் செய்யும் மூன்று பெயர்கள் வருகின்றன. உப்புக்கு ஃப்ளூட்ரோகார்டிசோன், தைராய்டுக்கு லையோதைரோனின், அதன் மேல் டெஸ்டோஸ்டிரோன். கூட்டினால் உடலின் அன்றாடத் தேவையைத் தாண்டிப் போயிருக்கும்.

இத்தனை பேரில் யாரோ ஒருவர் கணக்கைக் கையில் வைத்திருக்கவேண்டும். கோஹன் அதற்கு முயன்றார். கிளர்ச்சி ஊசி போடும் அந்த மருத்துவரை விலக்குங்கள் என்று அதிபருக்கே கடிதம் எழுதினார். அதிபர் கேட்கவில்லை. முதுகு விஷயத்தில் மட்டும் ஒரு வெற்றி: 1961 மே மாதம் ஒட்டாவாவில் மரம் நடும் விழாவில் குனிந்து முதுகைப் பிடித்துக்கொண்டார். வலி ஆண்டு முழுக்கத் தொடர்ந்தது, ஊசிகளும் கூடிக்கொண்டே போயின. பர்க்லியும் கோஹனும் சேர்ந்து, டிராவெலின் ஊசிகளுக்கு மாற்றாக ஹான்ஸ் கிராஸ் என்ற உடற்பயிற்சி நிபுணரைக் கொண்டுவந்தார்கள். ஊசியையே நம்பினால் விரைவில் நடக்க முடியாமல் போகும் என்ற எச்சரிக்கைக்குப் பிறகு, தவறாமல் பயிற்சி செய்யத் தொடங்கினார். சில மாதங்களில் பல ஆண்டுகளில் இல்லாத அளவுக்கு முதுகு தேறியது. ஸ்டீராய்டால் தசை தேய்பவருக்குப் பயிற்சியைவிட நல்ல மருந்து இன்றுவரை வரவில்லை.

1962 அக்டோபரில், கியூபா ஏவுகணை நெருக்கடி நாட்களில், ஹைட்ரோகார்டிசோனையும் உப்பு மாத்திரையையும் கூட்டியிருக்கிறார்கள். உலகமே அணுப்போர் பயத்தில் இருந்தபோது அதிபருக்கு ஸ்டீராய்டை ஏற்றினார்களே என்று சிலர் அதிர்ச்சியாக எழுதுகிறார்கள். எனக்கு அதில் அதிர்ச்சி இல்லை. அட்ரீனல் உள்ளவரின் உடல் அந்த நாட்களில் தானே சுரந்திருக்கும். இவருக்கு மாத்திரையில் கொடுத்தார்கள். கொடுக்காமல் விட்டிருந்தால்தான் கவலைப்படவேண்டும்.

மறைத்தது

1960 ஜூலை 4. கட்சி மாநாட்டுக்கு முன்பு, போட்டியாளர் லிண்டன் ஜான்சனின் ஆதரவாளர்களான ஜான் கானலியும் இந்தியா எட்வர்ட்ஸும் பத்திரிகையாளர்களிடம் கென்னடிக்கு அடிசன் நோய் என்றார்கள். கார்டிசோன் இல்லாவிட்டால் உயிரோடு இருக்கமாட்டார் என்றும் சொன்னார்கள். அரசியல் நோக்கம் அழுக்கானது, தகவல் சரியானது. ராபர்ட் கென்னடியின் மறுப்பு சாமர்த்தியமானது: காசநோயால் அட்ரீனல் அழிவதே மரபான அடிசன் நோய், அது என் அண்ணனுக்கு இல்லை. சொல்லுக்குச் சொல் பொய் கிடையாது. டிராவெலும் கோஹனும் தந்த கடிதம், பரிசோதனையில் அட்ரீனல் வேலை செய்வதாகத் தெரிந்தது என்றது. கோஹனைப் போன்ற ஒரு நிபுணர் அந்த வரியில் கையெழுத்திட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அந்தப் பிரச்சாரத்தின்போது கனெடிகட்டில் அவருடைய மருந்துப் பை தொலைந்துவிட்டது. மாநில ஆளுநர் ஏப்ரஹாம் ரிபிகாஃபைத் தொலைபேசியில் பிடித்து, அது யார் கையிலாவது சிக்கினால் தொலைந்தோம் என்று பதறினார் கென்னடி. அவருடைய கவலை தேர்தல். ஸ்டீராய்டு இல்லாமல் வாழமுடியாத ஒருவரின் மருந்துப் பை தொலைந்தால் முதலில் வரவேண்டிய கவலை வேறு. ஊருக்கெல்லாம் மறைக்கிற நோயாளி, எதிர்பாராத இடத்தில் விழுந்தால் தூக்குகிறவருக்கு எதுவும் தெரியாது. வேலை போய்விடும், பெண் பார்க்கமாட்டார்கள் என்று மருந்தை மறைக்கிறவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அதிபர் பதவிக்கு அது நியாயமா இல்லையா என்பது தனி விவாதம்; அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அது ஆகவே ஆகாது.

டாலஸும் இறுதி நோயறிதலும்

1963 நவம்பர் 22 அன்று டாலஸில் சுடப்பட்ட கென்னடியைப் பார்க்லண்ட் மருத்துவமனையில் முதலில் பார்த்த சார்லஸ் காரிகோ ஓர் இளம் பயிற்சி மருத்துவர். அங்கே அவருக்கு ரத்தக்குழாய் வழியாக 300 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஏற்றினார்கள். அட்ரீனல் குறைபாடு உண்டு என்று அறிந்து கொடுத்ததாக கொலையை விசாரித்த வாரன் குழுவின் முன் காரிகோ சொன்னார். பர்க்லியும் அந்த அறையில் இருந்து மருந்தை நினைவூட்டியிருந்தார். அந்தத் தலைக் காயத்துக்கு முன் எந்த மருந்தும் ஒன்றும் செய்திருக்காது. இருந்தாலும் அந்த 300 மில்லிகிராம் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே சரி. பகிரங்கமாக மறுத்த நோய்க்கு, பகிரங்கமாக மருந்து போனது.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் அட்ரீனல் பற்றி ஒரு வரியும் இல்லை. 1992இல்தான், அமெரிக்க மருத்துவச் சங்க இதழுக்குப் பேசியபோது, அன்று அங்கிருந்த மருத்துவர்கள் தேடியும் அட்ரீனல் திசு கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். இளம்வயதில் குடல் நோய்க்குக் கொடுத்த ஹார்மோனே கென்னடியின் சுரப்பியை உறங்கவைத்திருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. அது நிற்காது. மாத்திரையால் உறங்கிய சுரப்பி சுருங்கும், ஆனால் இருக்கும். உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோன் பெரிதாகக் கெடாது. பிட்யூட்டரியின் கட்டளை ஹார்மோன் குறைவதால் தோலும் கறுக்காது. கென்னடிக்கு உப்பு மாத்திரையும் ஃப்ளூட்ரோகார்டிசோனும் வேண்டியிருந்தன, தோல் கறுத்திருந்தது, சுரப்பி காணவே இல்லை. தைராய்டும் குறைவாக இருந்தது. தங்கை யூனிஸுக்கும் அடிசன் நோய் இருந்ததாகப் பதிவு உண்டு. இவற்றையெல்லாம் சேர்த்து, கடற்படை மருத்துவர் லீ மாண்டெல் 2009இல் வந்த முடிவு: தன் உடலே தன் சுரப்பிகளைத் தாக்கும் பரம்பரைச் சாயல் கொண்ட நோய், பல சுரப்பிகளைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோயில் இரண்டாம் வகை. இதில் சுரப்பி திரும்பத் தேறுவதில்லை. பிரெட்னிசோலோனை ஒருநாள் முழுதாக நிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கையோடு இறங்கிவரும் நோயாளிகளுக்கு இருக்கும் வாய்ப்பு கென்னடிக்கு எந்த வயதிலும் இருந்திருக்காது.